சிபிஆருக்கு மசியாத கார்டியாக் அரெஸ்ட்: எக்மோ குழுவை எந்த நிமிடத்தில் அழைப்பது? கேனுலாவில் எங்கே தவறுகிறது?

கேள்வி — நள்ளிரவுப்பிரிவு

வணக்கம். இதய அறுவைக்குப் பிந்தைய எக்மோவில் (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜனேற்றி உடலுக்குத் திருப்பியனுப்பும் கருவி) பழக்கமுள்ள ஒரு மையம், இனி அரெஸ்ட் (இதயம் நின்றுபோன) நோயாளிகளுக்கு இ-சிபிஆர் (மார்பை அழுத்தி உயிர்மீட்கும் சிபிஆர் நடக்கும்போதே எக்மோவை இணைப்பது) தொடங்குவதற்காக நெறிமுறை எழுதுகிறது. வரைவு மூன்று இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது நேரம். "30 நிமிடம் முறையான சிபிஆர் செய்தும் இதயம் திரும்பாவிட்டால் எக்மோ குழுவை அழைக்கவும்" என்று வரைவில் இருக்கிறது. இது சரியா? இரண்டாவது, மார்பழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே தொடையில் கேனுலா (ரத்தக்குழாய்க்குள் நுழைக்கும் தடித்த குழாய்) போடும் வேலை. அறுவை அரங்கில் நிதானமாகப் போடுபவர்களுக்கு இதில் எது புதிதாக இருக்கும்? எந்த அளவுக் கேனுலா எடுக்க வேண்டும்? மூன்றாவது, ஃப்ளோ (எக்மோ வழியான ரத்த ஓட்டம்) வந்துவிட்டது, மார்பழுத்தம் நின்றுவிட்டது. அடுத்த 24 மணி நேரத்தில் என்ன அளவுகளை இலக்காக வைப்பது?

இன்னொன்று. மினசோட்டா ஆய்வைக் காட்டி "உடனே தொடங்குவோம்" என்கிறார் ஒருவர். நெதர்லாந்து ஆய்வைக் காட்டி "பயனில்லை" என்கிறார் இன்னொருவர். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது?


பதில் — நிமிடக்கணக்கு

அந்த 30 நிமிட வரியைத்தான் முதலில் அடிக்க வேண்டும்.

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். ஆள் விழுந்த நொடியிலிருந்து எக்மோ ஃப்ளோ வரும்வரை 60 நிமிடத்துக்குள் என்பதுதான் பெரும்பாலான மையங்கள் வைத்திருக்கும் எல்லை. பழகிய கைக்கும் தோலில் ஊசி பட்டதிலிருந்து ஃப்ளோ வரை 15 முதல் 20 நிமிடம் ஆகும். மேசைக்கு மாற்ற, தொடையைத் துடைக்க, துணி விரிக்க 5 நிமிடம். மிஞ்சுவது 35. வெளியே விழுந்தவர் என்றால் அந்த 35க்குள் ஆம்புலன்ஸ் வந்து, ஷாக் கொடுத்து, இயந்திர மார்பழுத்தக் கருவியைக் கட்டி, ஆளை இறக்கி, ஓட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். 30வது நிமிடத்தில்தான் தொலைபேசியை எடுப்போம் என்றால் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. கேனுலா அழகாகப் போயிருக்கும், மூளை போயிருக்கும்.

அதனால் இரண்டு தனி நேரங்கள் எழுதுங்கள்: ஒன்று அழைப்பு, மற்றொன்று முடிவு. மூன்றாவது ஷாக் பலிக்கவில்லை, அல்லது 10 நிமிடம் சிபிஆர் ஆகிவிட்டது என்றால் அழைப்பு. அழைத்ததும் குழு வந்து சுற்றை (எக்மோவின் குழாய்-பம்ப் தொகுதி) திறக்காமல் கால்மாட்டில் நிற்கட்டும். 15வது நிமிடத்தில் முடிவு. இடையில் இதயம் திரும்பினால் குழு கலையலாம், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. "வீணாக அழைத்துவிட்டார்கள்" என்ற பேச்சு ஒரு முறை எழுந்தால் அடுத்த அழைப்பு 10 நிமிடம் தள்ளிப்போகும். அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

ஏன் 10–15? வழக்கமான சிபிஆரிலேயே திரும்பி நல்ல மூளையோடு வீட்டுக்குப் போகக்கூடியவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் விளைச்சல் சரிகிறது. அதற்கு முன் ஆளைத் தூக்கி ஓடினால், இருந்த இடத்திலேயே பிழைத்திருக்கக்கூடியவருக்கு மோசமான மார்பழுத்தம்தான் கிடைக்கும்.

யாருக்கு என்பது: வயது சுமார் 70க்குள். விழுந்ததைப் பார்த்தவர் இருக்க வேண்டும். விழுந்ததற்கும் முதல் மார்பழுத்தத்துக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் போயிருக்கக் கூடாது. முதல் தாளம் வி.எஃப். அல்லது நாடியற்ற வி.டி. (ஷாக் கொடுத்துத் திருத்தக்கூடிய தாளங்கள்) என்றால் மிக நல்லது. பி.இ.ஏ. (மின்தாளம் உண்டு, நாடி இல்லை) என்றால் நுரையீரல் அடைப்பு போன்ற திருத்தக்கூடிய காரணம் கண்ணில் பட வேண்டும். சாட்சியில்லாத ஏசிஸ்டோலியை (மின்தாளமே இல்லாத நிலை) வரைவிலேயே வெளியே வையுங்கள். மார்பழுத்தத்தின்போது கண் திறப்பது, மூச்சை இழுப்பது, கை அசைப்பது, இதயம் திரும்பித் திரும்பி மறுபடி நிற்பது எல்லாம் ஆதரவான அறிகுறிகள். அறிந்த இறுதிநிலைப் புற்றுநோய், முற்றிய கல்லீரல் நோய், லேசானதற்கு மேற்பட்ட அயோர்ட்டிக் வால்வுக் கசிவு ஆகியவை எதிரானவை. வால்வுக் கசிவைப் பலர் மறக்கிறார்கள். தொடையிலிருந்து ஏறும் ரத்தம் அந்த வால்வு வழியாகவே இடது வென்ட்ரிக்கிளை நிரப்பி வீங்கவைத்துவிடும்.

மேசைக்கு வந்ததும் ரத்த வாயு எடுங்கள், மூச்சுக்குழாய் அளவியையும் பாருங்கள். எண்ட் டைடல் (மூச்சுவிட்டு முடியும்போது வெளிவரும்) கார்பன் டை ஆக்சைடு 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ், ரத்த ஆக்ஸிஜன் அழுத்தம் 50க்குக் கீழ், லாக்டேட் லிட்டருக்கு 18 மில்லிமோலுக்கு மேல்: மினசோட்டாக் குழு நிறுத்துவதற்கான அறிகுறிகளாக வைத்தவை இவை. ஒரே ஒரு எண் மோசம் என்பதற்காகக் கதவை மூட வேண்டாம். இரண்டு சேர்ந்து மோசமென்றால் யோசிக்க வேண்டும்.

ஆய்வுகளுக்கு வருவோம். ஒன்றுக்கொன்று முரண் என்பதை நான் ஏற்கவில்லை.

2020இல் வந்த, 'அரெஸ்ட்' என்றே பெயருள்ள ஆய்வு மினசோட்டாவின் மினியாபொலிஸில் ஒரே மையத்தில் நடந்தது. 30 பேர், ஒருவர் இடையில் விலகினார். மருத்துவமனையிலிருந்து உயிரோடு போனவர்கள் எக்மோ பக்கம் 14இல் 6, வழக்கமான பக்கம் 15இல் 1. வேறுபாடு பெரிதாக இருந்ததால் இடையிலேயே நிறுத்தினார்கள். வி.எஃப்./வி.டி. நோயாளிகள் மட்டும், மூன்று ஷாக்குக்குப் பிறகும் திரும்பாதவர்கள், கேனுலா போட்டது கேத்லாபில் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் அறை), அதையே தினமும் செய்யும் சிறு குழு. 2022இல் ப்ராக் ஆய்வு, 256 பேர், எல்லாத் தாளங்களும் உண்டு. 180 நாளில் நல்ல மூளைநிலையோடு இருந்தவர்கள் 31.5%, மறுபக்கம் 22%. புள்ளியியல் கோட்டை அது தாண்டவில்லை. 2023இல் வந்த இன்செப்ஷன் ஆய்வு நெதர்லாந்தின் 10 மையங்களில் நடந்தது. 30 நாளில் 20%க்கு 16%. ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அங்கே அரெஸ்டிலிருந்து ஃப்ளோ வரை ஆன இடைநிலை நேரம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது, பல மையங்களுக்கு வருடத்தில் கிடைத்த நோயாளிகளும் கொஞ்சமே.

கருவி மூன்று இடத்திலும் ஒன்றுதான். மாறியது நேரமும், கையின் பழக்கமும், தேர்வும். 2023இல் அமெரிக்க இதயக் கழகம் திருத்திய பரிந்துரையும் இதே தொனிதான்: தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, பயிற்சியும் கருவியும் உள்ள அமைப்புக்குள் செய்வது நியாயம். உங்கள் குழுவுக்குள் கேட்க வேண்டியது "எக்மோ பயனுள்ளதா" என்பதல்ல. "ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு நம்மால் 60 நிமிடத்துக்குள் ஃப்ளோ கொண்டுவர முடியுமா" என்பது. முடியாதென்றால் பகல் நேரத்துக்கு மட்டும் தொடங்குவதில் குறைவொன்றும் இல்லை.


பதில் — ஊசிமுனை

இரண்டாவது கேள்விக்கு. அறுவை அரங்கில் பழகியவர்களை முதலில் ஏமாற்றுவது ரத்தத்தின் நிறம். நீண்ட அரெஸ்டில் தமனி ரத்தமும் கருத்திருக்கும். மார்பை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சிரையும் துடிக்கும். ஊசியில் வந்தது கறுப்பா சிவப்பா, துடிக்கிறதா இல்லையா என்பதை வைத்து இது தமனி, இது சிரை என்று முடிவு செய்தால் இரண்டு கேனுலாவும் ஒரே குழாய்க்குள் போய் நிற்கும். இ-சிபிஆரில் நடக்கும் மிகக் கொடிய தவறு இதுதான், அனுபவசாலிகளுக்கும் நடக்கிறது.

தப்பிக்க வழி, கேனுலாவுக்கு வழிகாட்டும் கம்பியைக் கண்ணால் பார்ப்பது. தொடையில் லீனியர் அல்ட்ராசவுண்ட் ப்ரோப் வைத்து, காமன் ஃபெமோரல் தமனி இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலும் இங்குவினல் லிகமெண்டுக்குக் கீழும் குத்துங்கள். மேலே போனால் வயிற்றின் பின்புறம் ரத்தம் கசியும், அது வெளியே தெரியாது. கீழே போனால் சிறிய தமனிக்குள் பெரிய கேனுலா சிக்கி, கால் செத்துவிடும். இரண்டு கம்பியும் உள்ளே போனதும், டைலேட்டரை (துளையை விரிக்கும் குழாய்) தொடுவதற்கு முன், இரண்டாவது ஆள் விலாவுக்குக் கீழே ப்ரோப் வைத்துப் பார்க்கட்டும். கல்லீரலை ஒட்டிய கீழ்ப் பெருஞ்சிரையில், வலது ஏட்ரியத்தை நோக்கி ஒரு கம்பி. அதன் இடப்பக்கம், முதுகெலும்பின் முன்னால் பெருந்தமனியில் இன்னொன்று. மார்பழுத்தத்தை 10 நொடிக்கு மேல் நிறுத்தாமல் இதைப் பார்த்துவிடலாம். உணவுக்குழாய் எக்கோ கைவசம் இருந்தால் அழுத்தத்தை நிறுத்தவே வேண்டியதில்லை. கேத்லாபில் ஃப்ளோரோஸ்கோப்பி இன்னும் எளிது. பெருந்தமனியில் கிழிந்த உட்சுவர் ஆடுவதும் இதே பார்வையில் பிடிபடும். பிடிபட்டால் கேனுலா போட வேண்டாம்.

அளவு. பெரியவர்களுக்குத் திருப்பியனுப்பும் தமனிக் கேனுலா 15 முதல் 17 ஃப்ரெஞ்ச் (குழாய் விட்டத்தின் அலகு). சிரைக் கேனுலா 21 முதல் 25, சிறிய உடலுக்கு 19. அறுவை அரங்கில் 19, 21 தமனிக் கேனுலா போட்டுப் பழகிய கை இங்கும் அதையே தேடும், தேட வேண்டாம். 15 ஃப்ரெஞ்ச் வழியாகவே பலருக்கு நிமிடத்துக்கு 3.5–4 லிட்டர் போகும். அரெஸ்டில் சுருங்கிப்போன தமனிக்குள் பெரிதை நுழைப்பது கிழிவையும் கால் இழப்பையும்தான் கூட்டும். சிரைப்பக்கம் நேர்மாறு: இழுக்கும் குழாய் பெரிதாக இருந்தால்தான் பம்ப் நிம்மதியாக ஓடும். அதன் நுனி மேல் பெருஞ்சிரையும் வலது ஏட்ரியமும் சேரும் இடம்வரை போக வேண்டும். கீழ்ப் பெருஞ்சிரையிலேயே நின்றுவிட்டால் சுவர் உறிஞ்சப்பட்டு ஃப்ளோ தடதடக்கும்.

ஆள் வசதி இருந்தால் இரண்டு பேர், இரண்டு தொடை, ஒரே நேரத்தில். ஒரே தொடையில் இரண்டும் போட்டால் கைகள் மோதும். கால் வீங்கினால் எது காரணம் என்பதும் தெரியாது.

டைலேட்டர் ஏற்றும்போது உதவியாளர் கம்பியை நேராக, லேசான இழுவிசையோடு பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தள்ளிய பிறகும் கம்பியை ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் மடிந்துவிட்டது. மடிந்த கம்பியின் மேல் 15 ஃப்ரெஞ்சைத் தள்ளினால் குழாயின் பின்சுவர் கிழியும். மென்மையான கம்பி இதற்கு ஆகாது, 150 செ.மீ. நீளமுள்ள விறைப்பான கம்பி வேண்டும். இயந்திர மார்பழுத்தக் கருவியின் அதிர்வில் தொடை குதித்துக்கொண்டே இருக்கும், அதனால் கை தொடையின் மேல் ஊன்றியே இருக்கட்டும்.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கம்பிகள் உறுதியான பிறகு, 5,000 யூனிட் ஒரே தடவை. சிபிஆரில் விலா ஒடிந்தவருக்கு அதற்கு மேல் முதல் மணியில் தேவையில்லை.

இரண்டு மூன்று முயற்சியில் ஊசி போகவில்லை என்றால் வெட்டித் திறந்து தமனியைக் கண்ணால் பார்த்துப் போடுங்கள். இந்த எண்ணை நெறிமுறையில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் "இன்னொரு முறை" என்றே 12 நிமிடம் போகும்.


பதில் — பம்ப்மேசை

பெர்ஃப்யூஷன் (பம்பை இயக்கும்) பக்கத்திலிருந்து, மேலே சொன்னதில் விட்டுப்போனவை.

சுற்றை அழைப்புக்குப் பிறகு பிரைம் செய்யாதீர்கள். சமநிலைக் கரைசலால் நிரப்பிக் காற்று நீக்கிய சுற்று வண்டியோடு தயாராக நிற்க வேண்டும். 500–600 மில்லி போதும். நிரப்பிய தேதியையும் காலாவதித் தேதியையும் ஒட்டுங்கள். வண்டியில் ஆறு கிளாம்பு, 60 மில்லி ஊசிக்குழல், கத்தரி, கட்டுப்பட்டை, முழு ஆக்ஸிஜன் சிலிண்டர், பம்பைக் கையால் சுழற்றும் பிடி. சிலிண்டரின் சாவி வண்டியிலேயே கட்டித் தொங்கட்டும்.

கேனுலாவைக் குழாயோடு சேர்க்கும்போது இரண்டு வாயும் ததும்ப வேண்டும். ஒருவர் இரண்டு நுனிகளையும் நெருக்கிப் பிடிக்க, இன்னொருவர் சலைனை ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். தமனிப்பக்கத்தில் ஒரு குமிழி கண்ணில் பட்டாலும் மறுபடி பிரித்துச் சேருங்கள். அந்த 20 நொடி வீணல்ல.

தொடங்கும் வரிசை முக்கியம். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் அடைப்பில்லாத பம்ப். சுழற்சி குறைவாக இருக்கும்போது தமனிக் கிளாம்பைத் திறந்தால் ரத்தம் பின்னோக்கி, தமனியிலிருந்து சிரைக்கு ஓடும். முதலில் சிரைக் கிளாம்பை எடுங்கள், சுழற்சியை 1,500க்கு ஏற்றுங்கள், பிறகு தமனிக் கிளாம்பைத் திறந்துகொண்டே மேலே போங்கள். ஒரு நிமிடத்தில் 3 முதல் 4 லிட்டர் வந்துவிட வேண்டும். ஃப்ளோ நிலைத்த பிறகுதான் மார்பழுத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டு குழாயின் நிறத்தையும் உரக்கச் சொல்லுங்கள். உடலிலிருந்து போகும் குழாய் கருப்பு, உடலுக்குத் திரும்பி வரும் குழாய் சிவப்பு. இரண்டும் கருப்பு என்றால் நூற்றில் பெரும்பங்கு காரணம் ஒன்றுதான்: ஸ்வீப் கேஸ் (ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கொடுத்துக் கார்பன் டை ஆக்சைடை அகற்றும் வாயு) குழாய் ஆக்ஸிஜனேட்டரில் மாட்டப்படவில்லை, அல்லது சிலிண்டர் திறக்கப்படவில்லை. கேஸ் ஓடியும் இரண்டும் வேகமாகச் சிவந்து, ரத்த அழுத்தம் மட்டும் ஏறவில்லை என்றால் இரண்டு கேனுலாவும் சிரையில் இருக்கின்றன என்று சந்தேகியுங்கள். திருப்பியனுப்பும் ரத்தத்தையே பம்ப் மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும்.

குழாய் தடதடத்தால் சுழற்சியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். சுழற்சி கூடக்கூட உறிஞ்சல் கூடும், ஃப்ளோ விழும், ரத்த அணுக்கள் உடையும். இழுக்கும் பக்கத்து அழுத்தம் மைனஸ் 100 மி.மீ.க்குக் கீழே போகாமல் பாருங்கள். சுழற்சியைக் குறைத்துக்கொண்டே காரணம் தேடுங்கள். சிபிஆருக்குப் பிறகு தடதடப்பு என்றால் "ரத்தம் போதவில்லை" என்று 2 லிட்டர் ஊற்றிவிட்டு நிற்கக் கூடாது. ஒடிந்த விலாவால் நுரையீரல் உறைக்குள் காற்றழுத்தம், பெரிகார்டியத்தில் ரத்தம், கிழிந்த கல்லீரல், வயிற்றின் பின்புறக் கசிவு, நுனி நகர்ந்த கேனுலா. அல்ட்ராசவுண்ட் ப்ரோபை எடுத்து ஒரு சுற்று பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை தெரிந்துவிடும்.


நள்ளிரவுப்பிரிவு (கேட்டவர்)

நன்றி, வரைவில் பாதி மாறிவிட்டது. மூன்று துணைக் கேள்விகள். கேனுலா போடும் நேரத்தில் அட்ரினலின் ஒவ்வொரு 3–5 நிமிடமும் தொடர வேண்டுமா? ஷாக் கொடுப்பதை எப்போது நிறுத்துவது? குளிரில் விறைத்தவர்களுக்கும் இதே 60 நிமிட எல்லையா?


பதில் — நிமிடக்கணக்கு

குளிருக்கு மட்டும் நான் சொல்கிறேன். இல்லை, அந்த எல்லை பொருந்தாது. மூளை குளிர்ந்த *பிறகு* இதயம் நின்றிருந்தால் மணிக்கணக்கில் சிபிஆர் செய்தும் முழுமையாக மீண்டிருக்கிறார்கள். 1999இல் நார்வேயில் உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய ஒருவர் உடலுக்கு வெளியே ரத்தத்தைச் சூடாக்கிப் பிழைத்தார். வயது, பாலினம், மூச்சடைப்பு இருந்ததா, பொட்டாசியம், உடல் வெப்பம், சிபிஆர் நேரம் ஆகிய ஆறையும் சேர்த்துப் பிழைக்கும் வாய்ப்பைச் சொல்லும் ஹோப் கணக்கை வரைவில் சேருங்கள். பனிக்குள் மூச்சு முட்டி, பிறகு குளிர்ந்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருடைய மூளை சூடாக இருந்தபோதே ஆக்ஸிஜனை இழந்துவிட்டது.

பீட்டா பிளாக்கர், கால்சியம் சானல் பிளாக்கர் போன்ற மருந்துகளை அளவுமீறி விழுங்கியவர்களும் தனி வகை. மருந்து வடியும்வரை தாங்கிப்பிடித்தால் இதயம் பெரும்பாலும் முழுமையாகத் திரும்பும். நுரையீரல் அடைப்பில் ஒரு எச்சரிக்கை: எந்த அரெஸ்டிலும் சில நிமிடத்தில் வலது வென்ட்ரிக்கிள் வீங்கும். எக்கோவில் அது வீங்கித் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றிவிட்டு, பிறகு 17 ஃப்ரெஞ்ச் கேனுலா போட்டால் தொடையில் ரத்தம் நிற்காது.


பதில் — முதல்நாள்

அட்ரினலின்: எக்மோ முடிவு எடுத்த பிறகு 1 மில்லிகிராம் ஊசிகளை நிறுத்திவிடுவதுதான் நல்லது. பல மையங்கள் மொத்தமே 3 மில்லிகிராமோடு நிறுத்துகின்றன. ஃப்ளோ வந்ததும் அதுவரை எங்கோ தேங்கிக் கிடந்த மருந்தெல்லாம் ஒரே சுற்றில் உடலுக்குள் போகும். சராசரி அழுத்தம் 120ஐத் தாண்டும், மூளையில் கசியும், இடது வென்ட்ரிக்கிள் திறக்கவே முடியாத அழுத்தத்துக்கு எதிராக நிற்கும்.

ஷாக்: கம்பி போடும் நேரத்தில் ஷாக் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயன் குறைவு, கைகளுக்கு இடையூறு அதிகம். ஃப்ளோ 3 லிட்டரைத் தாண்டி, கரோனரிகளுக்குச் சிவந்த ரத்தம் சில நிமிடம் போன பிறகு ஒரு ஷாக் கொடுங்கள். அதுவரை மசியாத வி.எஃப். அப்போது மசிவதுண்டு. மசியாவிட்டால் அதற்காக நின்றுகொண்டிருக்க வேண்டாம், கேத்லாபுக்குப் போங்கள். மசியாத வி.எஃப். உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கரோனரியில் கடுமையான அடைப்பு இருக்கிறது. எக்மோ அதைத் திறக்காது, திறக்கும்வரை நேரம் வாங்கித் தரும்.

இனி மூன்றாவது கேள்வி. இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கார்பன் டை ஆக்சைடு. சிபிஆரில் 80, 90 என்று ஏறிக் கிடந்ததை, ஸ்வீப் கேஸை முழுசாகத் திறந்து அரை மணியில் 30க்கு இறக்குவது எளிது, அடிக்கடி நடக்கிறது. மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ஏற்கெனவே பட்டினி கிடந்த திசுவுக்கு மறுபடி பட்டினி போடுகிறோம். ரத்த ஃப்ளோ 4 லிட்டர் என்றால் ஸ்வீப்பை 2 லிட்டரில் தொடங்குங்கள். 15 நிமிடத்தில் ரத்த வாயு எடுத்து, மெல்லக் கூட்டி, 35–45க்குக் கொண்டுவாருங்கள். ஆக்ஸிஜனும் அப்படியே: பிளெண்டரை 100%இல் மறந்துவிடக் கூடாது. செறிவு 92–97% போதும்.

எங்கிருந்து எடுத்த ரத்தம் என்பதில் கண்டிப்பு வேண்டும். வலது மணிக்கட்டுத் தமனியிலிருந்து மட்டும். இதயம் மெல்ல அடிக்கத் தொடங்கும்போது நனைந்த நுரையீரல் வழியாக வரும் கறுத்த ரத்தத்தை அது மேலே தள்ளும். தொடையிலிருந்து ஏறும் சிவந்த ரத்தம் அதை எதிர்கொண்டு பெருந்தமனி வளைவில் எங்கோ கலக்கும். தொடையில் எடுத்தால் எண் அழகாக இருக்கும், மூளைக்கும் கரோனரிக்கும் போவது வேறு ரத்தமாக இருக்கும். வலக்கை மோசம் என்றால் வென்டிலேட்டரில் பீப்பை (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலை விரித்து வைக்கும் அழுத்தம்) கூட்டுங்கள், ஆக்ஸிஜன் பங்கைக் கூட்டுங்கள். போதவில்லை என்றால் கழுத்துச் சிரையில் இன்னொரு திருப்புக் கேனுலா.

சராசரி அழுத்தம் 60 முதல் 80. இதில் ஃப்ளோவை ஏற்றி ஏற்றி அழுத்தம் பார்க்கும் பழக்கம் கெடுதல். ஒவ்வொரு அரை லிட்டரும் இடது வென்ட்ரிக்கிளின் பாரத்தைக் கூட்டுகிறது. நாடிவீச்சு, அதாவது மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி, 10 மி.மீ.க்குக் கீழே போய்த் தட்டையானால் உடனே எக்கோ பாருங்கள். அயோர்ட்டிக் வால்வு திறக்கிறதா? வென்ட்ரிக்கிளுக்குள் ரத்தம் புகைபோல் சுழல்கிறதா? குழாயில் இளஞ்சிவப்பு நுரை வருகிறதா? முதலில் உறுப்புகள் தாங்கும் அளவுக்கு ஃப்ளோவைக் குறையுங்கள், நாரட்ரினலினைக் குறையுங்கள், டோபுட்டமின் கொஞ்சம் கொடுங்கள். வால்வு திறக்கவே இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பலூன் பம்ப், இம்பெல்லா (இடது வென்ட்ரிக்கிளுக்குள் வைக்கும் சிறு பம்ப்), ஏட்ரியத் தடுப்பைத் துளைப்பது என்று உங்கள் மையத்தின் கைக்குப் பழகியது எதுவோ அது. உள்ளே ரத்தம் உறைந்துவிட்ட பிறகு செய்வதற்கு எதுவும் இருக்காது.

கால்: தமனிக் கேனுலாவுக்குக் கீழே ரத்தம் போக 6–8 ஃப்ரெஞ்ச் சிறு குழாயைக் கீழ்நோக்கிப் போடுங்கள், கரோனரி வேலை முடிந்த கையோடு, அதே மேசையில். பிரிவுக்குப் போய்ப் போடலாம் என்று தள்ளினால் அது மறுநாள் காலை ஆகிவிடும். இரண்டு கெண்டைக்காலிலும் நிர்ஸ் (திசுவின் ஆக்ஸிஜனை அளக்கும்) பட்டை ஒட்டி இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

கேத்லாபிலிருந்து பிரிவுக்குப் போகும் வழியில் தலை முதல் இடுப்பு வரை சி.டி. மூளைக் கசிவும் கல்லீரல் கிழிவும் ஹெப்பாரினைத் தொடர்வதா என்பதை முடிவு செய்யும். கசிவு இருந்தால் ஃப்ளோ 3 லிட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் பல மணி நேரம் ஹெப்பாரின் இல்லாமல் நடத்தலாம், ஆக்ஸிஜனேட்டரை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு. கசிவு இல்லையென்றால் ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) இயல்பின் ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு. உடல் வெப்பம் 33–36 டிகிரி, 24 மணி நேரம். சுற்றின் வெப்பமாற்றியே இதைச் செய்துவிடும். பிறகு காய்ச்சல் ஏறவிடாதீர்கள்.


நள்ளிரவுப்பிரிவு (கேட்டவர்)

கடைசியாக ஒன்று: எக்மோவை எப்போது எடுப்பது, எப்போது நிறுத்துவது? இந்த இரண்டு சொல்லும் வரைவில் ஒரே பத்தியில் கலந்து கிடக்கின்றன.


பதில் — முதல்நாள்

பிரித்து எழுதுங்கள், வீட்டாரிடம் பேசும்போதும் பிரித்தே பேசுங்கள்.

எடுப்பது இதயத்தின் கேள்வி. நாடிவீச்சு திரும்பி, மருந்து குறைந்து, லாக்டேட் இறங்கிய பிறகு ஃப்ளோவை அரை லிட்டர் அரை லிட்டராக 1–1.5 லிட்டர் வரை இறக்கி எக்கோ பாருங்கள். இடது வென்ட்ரிக்கிள் இஜெக்ஷன் ஃப்ராக்ஷன் (ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு) 20–25%க்கு மேல், அயோர்ட்டிக் வி.டி.ஐ. (ஒரு துடிப்பில் ரத்தம் நகரும் தூரம்) 10 செ.மீ.க்குக் குறையாமல், மைட்ரல் வளையத்தின் பக்கவாட்டு அசைவு நொடிக்கு 6 செ.மீ. இருந்தால் எடுக்கலாம். வலது வென்ட்ரிக்கிளையும் அதே நேரத்தில் பாருங்கள். குறைந்த ஃப்ளோவில் அதிக நேரம் விடாதீர்கள், சுற்று உறையும்.

நிறுத்துவது மூளையின் கேள்வி, சில நேரம் இதயத்தின் கேள்வியும். உடல் வெப்பம் இயல்புக்கு வந்து, மயக்க மருந்து வடிந்து, 72 மணி நேரமாவது ஆகாமல் மூளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எக்மோவில் மருந்துகள் மெதுவாக வடியும், சிறுநீரகம் படுத்திருந்தால் இன்னும் மெதுவாக. கண்பாவை அனிச்சை, இ.இ.ஜி., சி.டி., என்.எஸ்.இ. (மூளைச் செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) எல்லாம் ஒரே திசையில் காட்ட வேண்டும். என்.எஸ்.இ. சிவப்பணு உடைந்தாலே ஏறும். பம்ப் அணுக்களை உடைக்கும் நோயாளியில் அந்த எண்ணைத் தனியாக நம்பக் கூடாது.

மூளைச்சாவுக்கான மூச்சற்ற சோதனையை எக்மோவிலும் செய்யலாம். ஆக்ஸிஜனை முழுசாக வைத்து, ஸ்வீப்பை நிமிடத்துக்கு 0.5–1 லிட்டருக்கு இறக்கினால் கார்பன் டை ஆக்சைடு மெல்ல ஏறும். 60ஐத் தொட்டு, தொடக்க அளவிலிருந்து 20 ஏறியும் மூச்சு முயற்சி இல்லையென்றால் சோதனை முடிந்தது. ஸ்வீப்பை முழுசாக மூடிவிடாதீர்கள், ஆக்ஸிஜனும் சேர்ந்து நின்றுவிடும். ரத்தத்தை வலது மணிக்கட்டிலிருந்தும் ஆக்ஸிஜனேட்டருக்குப் பின்னாலிருந்தும் இரண்டு இடத்தில் எடுங்கள், இரண்டும் 60ஐத் தாண்ட வேண்டும்.

வீட்டாரிடம் முதல் பேச்சு கேனுலா போட்ட இரவிலேயே நடக்கட்டும். "கருவி ரத்தத்தை ஓட்டுகிறது, இதயம் இன்னும் ஓட்டவில்லை. மூளை எப்படி இருக்கிறது என்பது மூன்று நான்கு நாளில்தான் தெரியும். தெரிந்ததும் உங்களிடம் சொல்வோம், அது நல்லதாக இல்லாவிட்டாலும்." இந்த மூன்று வாக்கியத்தை வரைவிலேயே எழுதி வையுங்கள். அதிகாலையில் களைத்துப்போன ஒருவர் அதைத் தானாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கக் கூடாது.